சத்து மாத்திரை

மழை ஓய்ந்தும் வானம் வெளுக்காத கூதிர்ப் பருவம் அது. கதிரவன் எழுந்தானா என்று அறிய ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சுவர்கள் வியர்த்தன. கொடியில் உலர்த்திய துணி மூன்று நாளாகியும் ஈரம் விடவில்லை. கடைசி இலையையும் ஈந்துவிட்ட மரங்கள் நோன்பிருப்பவர்போல் வாய் திறவாமல் நின்றன. இத்தகைய காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவை யாவும் புளித்துப்போகும். சொல்லாத சொல்லும் அப்படித்தான்.

அந்த அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், காலை எட்டு மணிக்கு ஒரு தட்டு சுவரில் மோதி உடைந்தது.

எறிந்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. இருந்த இடத்தில் இராததால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். இந்த வாரம் பம்பரத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. முந்தைய நாள் பள்ளியில் ஆசிரியையின் மணிக்கட்டைக் கடித்துவிட்டு, "நான் கடிக்கலை, என் பல்லு கடிச்சுது" என்று சொல்லி அழுதாளாம்.

"பதினோரு மணிக்குச் சம்பந்தம் பேச வர்றாங்க, இவ தட்டை உடைக்கிறா. பெத்தா மட்டும் போதுமா? வளர்க்கத் தெரியணும்" என்றாள் அத்தை. அவள் சிறுமியின் தகப்பனுக்கு அக்காள். கணவனை இழந்தபின் தன் மகளோடு இங்கேயே இருப்பவள். சம்பந்தம் அந்த மகளுக்குத்தான்.

தாய் சில்லுகளைப் பொறுக்கினாள். சலவைக்கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டி போடுவது அவள் தொழில்; இன்று மட்டும் விடுப்பு. அந்த வசவு அவளுக்குப் பழையது. ஆனால் வேறொன்று மனத்தில் இடறியது.

"அண்ணி, இந்த வாரம் எனக்கு விடிகாலை வேலைன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுப் போனேனே. மாத்திரை குடுத்தீங்கல்ல?"

"அந்தச் சத்து மாத்திரையா? அதைத் தின்னா புள்ளைக்குச் சாப்பாடே இறங்கலை. சத்து மாத்திரைக்காகச் சாப்பாட்டை விடுவாங்களாக்கும்? அஞ்சு நாளா நிறுத்திட்டேன். பாரு, கன்னம் வந்திருக்கு."

ஒரு சில்லு தாயின் விரலைக் கீறியது. அண்ணிமேல் குற்றமில்லை. புட்டியின்மேல் சத்து மாத்திரை என்றுதான் எழுதியிருந்தது. ஒட்டியவள் இவளே.

எட்டு மாதங்களுக்கு முன் மனநல மருத்துவர் மருந்து எழுதித் தந்த அன்று, பேருந்து ஓட்டுநரான கணவன் சொன்னான்: "வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு கட்டுவா? அக்கா பொண்ணுக்கும் வழி அடைஞ்சிரும். அக்காவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்." அவளும் தலையாட்டினாள். புட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் நீராவியில் காட்டினாள். பட்டிலிருந்து விலைச்சீட்டை உரிப்பதுபோல், மருந்தின் பெயர் கிழியாமல் வந்தது. வேறொரு புட்டியின் சீட்டை அங்கே ஒட்டினாள். பழுது சொல்ல முடியாத கைவேலை. உரித்ததை எறிய மட்டும் மனம் வராமல், சாமி விளக்கின் அடியில் மடித்து வைத்தாள்.

அந்த மருந்து பம்பரத்தை நிறுத்திவிடவில்லை. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே மூச்சுவிடச் சற்று இடம் கொடுத்தது. அந்த இடத்தில் அமர்ந்துதான் குழந்தை எழுதினாள், படித்தாள். "என் தலைக்குள்ள இன்னைக்குச் சந்தை லீவும்மா" என்று ஒருநாள் சிரித்தாள்.

"அது சத்து மாத்திரை இல்லை அண்ணி" என்று தொடங்கித் தாய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அத்தை நாற்காலியில் அமர்ந்தாள். "எங்கிட்டக்கூட மறைச்சிருக்கீங்க" என்றாள். பிறகு, தாழ்ந்த குரலில்: "மறைச்சது மறைச்சதாவே இருக்கட்டும். இன்னைக்கு ஒருநாள் அவளைப் பின்னறையில வை. என் பொண்ணு பொழைக்கட்டும்."

மருத்துவமனைக்குப் பலமுறை அழைத்து, வந்தவர்கள் படியேறும் நேரத்தில்தான் மருத்துவரின் குரல் கிடைத்தது. "இன்னைக்கே அதே அளவுல தொடங்குங்க. உடனே கேட்காது, பொறுமையா இருங்க." அதற்குள் தகப்பன் குழந்தையை உள்ளே விட்டுப் பின்னறையைப் பூட்டியிருந்தான்.

மாப்பிள்ளையின் தந்தை குடும்பப் பெருமையில் பாதிகூடச் சொல்லியிருக்கமாட்டார். பின்னறைக் கதவு அதிரத் தொடங்கியது.

"என்ன சத்தம்?"

"பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கறாங்க" என்றான் தகப்பன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "நான் ஆணி இல்லப்பா."

தாய் எழுந்தாள். கணவனின் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை, தலைகுனிந்திருந்தான். வெளியே வந்த குழந்தையைச் சபை நடுவில் அமர்த்தி, நாலு வாய் ஊட்டி, மாத்திரையைக் கையில் வைத்தாள்.

"இவ என் பொண்ணு. இது மனநல டாக்டர் குடுத்த மருந்து. நாங்க மறைச்சதால அஞ்சு நாள் நின்னுபோச்சு. அதான் அவளால முடியலை. வேற ஒண்ணும் இல்லை."

மாப்பிள்ளையின் தந்தை குவளையைக் கீழே வைத்தார். அவர் மனைவி, அதுவரை வாய் திறக்காதவள், தண்ணீர் வேண்டுமென்று தாயோடு சமையலறைக்குள் வந்தாள். கைப்பையிலிருந்து செரிமான மாத்திரை என்று எழுதிய புட்டியை எடுத்து, ஒன்றை விழுங்கினாள். சீட்டின் ஓரத்தில் பழைய பசையின் நிழல் தெரிந்தது. நீராவி பிடித்த கண்ணுக்கு அது தப்புமா?

தாய் பார்த்துவிட்டதை அவளும் கண்டுகொண்டாள். "இருபது வருஷமா எனக்குச் செரிமானம் சரியில்லை" என்றாள் மெல்ல. "அவருக்கே தெரியாது." போகும்போது குழந்தையின் தலையில் கைவைத்தாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

மாலையில் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் மாப்பிள்ளையின் தந்தை. "தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் ரத்தத்துல வர்றது. எங்க குடும்பத்துல இப்படி ஒண்ணு கிடையவே கிடையாது."

அத்தை அழுது தீர்த்தாள்.

அந்தி சாய்ந்ததும் தாய் விளக்கேற்றினாள். அதனடியில் மடித்து வைத்த சீட்டை எடுத்து, போலிச் சீட்டை உரித்துவிட்டு, மருந்தின் பெயரை அதன் இடத்தில் ஒட்டினாள். புட்டியைச் சுடரின் முன் வைத்துக் கைகூப்பினாள். பம்பரமும் பக்கத்தில் வந்து கைகூப்பி, பத்து எண்ணும்வரை அசையாமலிருக்க முயன்று, ஏழில் அசைந்தாள்.

அழுத கண்ணோடு வந்த அத்தை, சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "வாயில நுழையாத பேரு" என்றாள். "காலைல ஒண்ணு. சாப்பிட்ட பிறகு. அப்படித்தானே?"

"ஆமா அண்ணி."

தாய் மகளின் தலையில் கைவைத்தாள்.

"எங்கயும் ஒளியாம, நூறு வருஷம் நல்லா இரு தாயி."