பத்து மணி விமானத்தின் கோடு

என் வீட்டுக்காரர் சகாதேவன் பொய் எழுதுகிற ஆள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2005 மாசியில் பிரியதர்ஷினி என்ற பெண் சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து எங்கள் மரக்காணம் உப்பளத்துக்கு வந்தாள். விமானம் போன பின் வானத்தில் நிற்கும் வெள்ளைக் கோட்டைப் பற்றி ஆராய்ச்சியாம். அது பரவிவிட்டால் கம்பளி போர்த்தியதுபோல பூமியின் சூடு வெளியே போகாதாம்.

"கொஞ்சம் கீழ பறந்தா கோடு விழாதுண்ணே. சித்திரையிலேருந்து இந்தப் பக்கம் காலையில போற பத்து மணி விமானம் சோதனைக்காக அப்படித்தான் பறக்கப் போவுது. பாத்து எழுதித் தர்றீங்களா?" என்றாள்.

நாளெல்லாம் வெட்டவெளியில் நிற்கிறவர்கள் நாங்கள்தானே. அவள் நீட்டிய நோட்டை இவர் வாங்கிக்கொண்டார்.

"உப்ப வாரச் சொன்னா வானத்த வார்றியா?" என்று கிண்டல் செய்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. 'கோடு இருபது நிமிஷம் நின்றது' என்று தினமும் எழுதினார். சித்திரை பிறந்ததும் 'கோடு இல்லை' என்று எழுத ஆரம்பித்தார்.

"பாத்தியா ஆராயி, அந்தப் பொண்ணு சொன்னது நடந்துட்டுது" என்று ஒரே பூரிப்பு. தலையில் உப்புக்கூடையோடு நான் எங்கே அண்ணாந்து பார்ப்பது? அவர் வரப்பில் தடுக்கி விழுந்தபோதுகூட "குடிச்சியாய்யா?" என்றுதான் கேட்டேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

வைகாசியில் அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். நோட்டைப் புரட்டப் புரட்ட அவள் முகம் மலர்ந்தது. அந்நேரம் பத்து மணி விமானம் போனது. கூடையை இறக்கிவிட்டு நானும் பார்த்தேன். வானத்தில் சுண்ணாம்பு இழுத்ததுபோல நீளமாகக் கோடு நின்றது.

"அண்ணே, இப்ப கோடு இருக்குதா?" என்றாள் மெதுவாக.

அவர் நெற்றியில் கைவைத்து அண்ணாந்தார். "இல்லம்மா. சுத்தமா இல்ல."

கிட்டே போய் அவர் முகத்தைத் திருப்பினேன். இரண்டு கண்மணியிலும் பால் படர்ந்திருந்தது.

"யோவ், என் முகம் தெரியுதா?"

"மசமசன்னுதான் இருக்குது. உப்பு வெளிச்சம்தானேன்னு இருந்துட்டேன்."

உப்பில் வெயில் பட்டுத் தெறித்து இங்கே எல்லோருக்கும் கண் கூசும், நீர் வடியும். அதை நோய் என்று யார் நினைத்தோம்?

அவர் அந்தப் பெண் இருந்த பக்கம் திரும்பினார். "அப்ப கோடு போவலியாம்மா?"

அவள் நோட்டை மூடிவிட்டு அழுதாள்.

கண் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உன்னோட படிப்ப கெடுத்துட்டனேம்மா" என்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.