கட்டிலில் ஒரு கேப்டன்

மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி, மடக்கு மேசையின் மேல் விசைப்பலகையை வைத்துக்கொண்டு, கலாதேவி எதிரியின் மதில் ஓரமாகப் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தபோது திரை உறைந்துவிட்டது. ஓடிய கால் ஓடிய வாக்கில் நின்றது. ஹெட்செட்டில் மட்டும் குழுவின் குரல்கள் தடையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தன. "அக்கா, நகருங்கக்கா! ஏன் கம்பம் மாதிரி நிக்கிறீங்க?" என்று ரூபன் கத்தினான். மறுபடி படம் அசைந்தபோது அவளுடைய வீராங்கனை மண்ணில் கிடந்தாள். அந்தச் சுற்று அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது. "மன்னிச்சிருங்க பிள்ளைங்களா, மிசின் நின்னிருச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள நான் இதச் சரி பண்ணிருவேன்" என்றாள் கலாதேவி. எப்படிச் சரி பண்ணப்போகிறாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. ஆனால் சொல்லிவிட்டால் செய்துவிடுவாள் என்பது அவளுக்கும் தெரியும், அவளைக் கேப்டனாக ஏற்ற குழுவின் மற்ற நாலு பேருக்கும் தெரியும்.

ஈப்போவில் ஒரு டயர் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு வயிற்றில் தங்கிய பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டதால் இந்த முறை டாக்டர் கருப்பை வாயில் முன்கூட்டியே தையல் போட்டு, குளியலறைக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். சுங்கை சிப்புட்டில் ரப்பர் மரங்கள் நின்ற கித்தாக் காட்டை வெட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு அவர்களுடையது. ஜன்னல் வழியாகத் தெரிவது எதிர்வீட்டுச் சுவரும் அதில் சாய்த்து வைத்த ஒரு மோட்டார் சைக்கிளும்தான். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் படுத்திருக்க முடியும்? சாயங்காலத்தில் அந்த விளையாட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவள் ஓடினாள், மலையேறினாள், ஆற்றைக் கடந்தாள். அங்கே அவள் பெயர் 'குராங் மானிஸ்'. தேத்தண்ணிக் கடையில் சர்க்கரை கம்மியாகக் கேட்கும்போது சொல்லும் வார்த்தை. விளையாட்டில் கணக்குத் தொடங்கிய அன்று கையில் அந்தத் தேத்தண்ணிக் கிளாஸ்தான் இருந்தது.

கணினிக்கு வயதாகிவிட்டது. அவளுக்கும் கணவன் தனேஸ்வரனுக்கும் நிச்சயமான புதிதில், ஈப்போவில் ஒரு சைபர் கஃபேயை இழுத்து மூடியபோது, அங்கிருந்து வாங்கியது. தனேஸ் மோட்டார் சைக்கிள் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அது ஆட்டத்தின் நடுவில் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. விளையாட்டுக்கு இப்போது வந்த அப்டேட்தான் அதன் முதுகை ஒடித்தது. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் அடுத்த ஞாயிறு. அதில் தோற்றால் குழு ஒரு வருடத்துக்குப் பட்டியலிலேயே இருக்காது. அவளை இறக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நால்வரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவளை உறுத்தியது.

கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை முடித்து வந்த தனேஸ்வரன் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"பிள்ள பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம் லா. இப்பப் போயி புது மிசினுக்கு எங்க போறது?"

"புது மிசின் யாரு கேட்டா? மூளை நல்லாத்தான் இருக்கு. மெமரியும் போதும். படம் காட்டுற கிராஃபிக்ஸ் கார்டு மட்டும்தான் தாங்கல. அத மாத்துனா இன்னும் மூணு வருசம் ஓடும்."

"அதுக்கும் காசு வேணும்தானே. வெச்சிருக்கறது பிள்ளைக்கு."

"அதுல கை வைக்க வேணாம். என் நாற்காலிய வித்துருங்க."

தனேஸ் திரும்பி அறை மூலையைப் பார்த்தான். சிவப்பும் கறுப்புமாக, கழுத்துக்கும் இடுப்புக்கும் தனித்தனித் திண்டு வைத்த நாற்காலி. ஒரு போட்டியில் அவள் பரிசாக வென்றது. துணி காயப்போடக்கூட அதை யாரையும் தொடவிட மாட்டாள். "நெசமாவா?" என்றான். "நான் இப்ப அதுலயா ஒக்காந்திருக்கேன்?" என்றாள் அவள். படம் எடுத்து இணையத்தில் போட்ட மறுநாளே கமுந்திங்கில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து, இரண்டு தடவை சுழன்று பார்த்து, பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். வண்டியில் ஏற்றும்போது நாற்காலியின் கைப்பிடி கதவில் இடித்தது கலாதேவிக்குக் கேட்டது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு, பழைய கார்டுகள் விற்பவர்களைத் தேட ஆரம்பித்தாள்.

மலிவாகக் கிடைத்தவை நிறைய. ஆனால் இணையத்தில் கிரிப்டோ காசு தோண்டுகிறேன் என்று ராப்பகலாக ஓட்டித் தேய்த்த கார்டுகளைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கிறவர்களும் நிறைய. பழைய கணினியின் மின்சாரப் பெட்டி தாங்கக்கூடிய கார்டாகவும் இருக்க வேண்டும். பீடோரில் ராட்னி என்ற ஒரு பையன் விற்பது பொருத்தமாகத் தெரிந்தது. சனிக்கிழமை தனேஸ் பழைய கஞ்சில் காரை எடுத்துக்கொண்டு போய், அங்கிருந்தபடி வீடியோவில் அழைத்தான். ராட்னியின் அம்மா வைத்திருக்கும் பூக்கடைக்குப் பின்னறை. மேசையில் திறந்துபோட்ட கணினி ஒன்று, பக்கத்தில் மாலை கட்டும் நார்.

"நல்ல சாமான் லா அண்ணே. ஸ்கூல் பையன் ஒருத்தன் வெச்சிருந்தது" என்றான் ராட்னி.

"திருப்பிக் காட்டச் சொல்லுங்க" என்றாள் கலாதேவி தொலைபேசியில். தனேஸ் காட்டினான். "இன்னும் கிட்ட." காட்டினான். "தம்பி, இதோட முதுகு பழுப்பேறிக் கெடக்கு. ஸ்க்ரூவெல்லாம் கழட்டி மாட்டியிருக்கு. எந்த ஸ்கூல் பையன் இப்படி ராப்பகலா வெளையாடுவான்? வேற இருந்தா காட்டுங்க, இல்லன்னா எங்க வீட்டுக்காரரு கெளம்பிருவாரு."

ராட்னி சட்டென்று தனேஸின் கையிலிருந்த தொலைபேசிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். "இந்தக் கொரல்... அக்கா, நீங்க குராங் மானிஸா?"

"ஆமா."

"ஐயோ அக்கா! தீபாவளி போட்டியில எங்க டீம மூணுக்கு சைபர்னு அடிச்சது நீங்கதானே?"

"நீங்க பாலத்த விட்டுட்டு எல்லாரும் ஒரே பக்கம் வந்தீங்க. அதான்" என்றாள் அவள். தனேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூக்கூடையைப் பார்த்தான். ராட்னி கொஞ்சம் வெட்கப்பட்டு, பழுப்பேறிய கார்டை எடுத்து மேசைக்கு அடியில் போட்டான். பிறகு தன் சொந்தக் கணினியில் இருந்ததையே கழற்றினான். அடுத்த வாரம் தனக்குப் புதியது வருகிறதென்றும், இதை ஒரு நண்பனுக்காக வைத்திருந்ததாகவும் சொன்னான். அவள் அதையும் விடவில்லை. மறுபடி மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னாள். விசிறியின் சத்தத்துக்காகத் தொலைபேசியை அதன் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். சூடு எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டாள். எல்லாம் பார்த்த பிறகுதான் "வாங்கிட்டு வாங்க" என்றாள்.

ஞாயிறு காலையில் தனேஸ் மாட்டித்தருவதாக இருந்தது. ஆனால் விடிந்ததும் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு. உடன் வேலை செய்பவனுக்குக் காய்ச்சல், இவன் போயே ஆக வேண்டும். கார்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, போக மனமில்லாமல் அவன் வாசலில் நின்றான். "போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் கலாதேவி. "நீ கீழ எறங்கக் கூடாது." "எறங்க மாட்டேன்."

வீட்டில் மிச்சம் இருந்தது மாமியார் நல்லம்மாள்தான். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். வேகமாக நடப்பார், குறைவாகப் பேசுவார். கணினி இருக்கும் அறைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு வந்தால், அதை வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமலே திரும்பிப் போவார். போன பிள்ளையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததிலேயே பழியெல்லாம் இருக்கிறது என்று கலாதேவி நினைத்திருந்தாள். இப்போது அவரைக் கூப்பிட்டு, "அத்தெ, ஒரு வேல இருக்கு. உங்களாலதான் முடியும்" என்றாள்.

நல்லம்மாள் கார்டைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "என்னா செய்யணும், சொல்லு."

கரண்டைப் பிடுங்கச் சொன்னாள். பெட்டியைத் தூக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் படுக்க வைக்கச் சொன்னாள். பக்கப் பலகையைத் திறந்ததும் நல்லம்மாள் மூக்கைச் சுளித்தார். "இது என்னா, உள்ளுக்கு எலி குடும்பம் நடத்துதா?" கேட்காமலே சமையலறைக்குப் போய் ஒரு புது எண்ணெய்த் தூரிகையைக் கொண்டுவந்து மூலைமுடுக்கெல்லாம் தூசியைத் தட்டினார். கலாதேவி அதை நினைக்கவே இல்லை. பழைய கார்டைக் கழற்ற இரண்டு திருகாணி, ஒரு சின்னப் பிடி. நல்லம்மாளின் விரல்கள் தடித்தவை. ஆனால் நடுங்காதவை.

புதியதை அது செருகும் காடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "போன வாரம் டாக்டருகிட்ட கேட்டேன்" என்றார்.

"என்னாத்தெ?"

"இந்த மிசினு சூட்டால வயித்துக்கு ஏதாச்சும் ஆகுமான்னு. ஒண்ணும் ஆகாதுன்னாரு. போன தடவயும் அதால இல்லயாம்." கார்டை இன்னொரு கையாலும் தாங்கிக்கொண்டார். "நீ வேற ஏதாச்சும் நெனச்சிக்கிட்டு இருப்பியோன்னுதான் சொல்றேன்."

கலாதேவி கையை நீட்டி நல்லம்மாளின் மணிக்கட்டை ஒருமுறை பிடித்து விட்டாள். "கரண்டப் போடுங்கத்தெ" என்றாள்.

விசிறி சுழன்றது. திரை இருட்டாகவே இருந்தது. நல்லம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ரோசாக் ஆயிருச்சா, கெட்டுப்போச்சா? நான்தான் ஏதோ பண்ணிட்டேன்."

"இல்லத்தெ. இருங்க." அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கார்டின் ஒரு முனை மயிரிழை அளவு தூக்கி நின்றது. "மறுபடி கரண்டப் புடுங்கிருங்க. இப்ப ரெண்டு கட்டவெரலயும் வெச்சு அமுக்குங்க."

"ஒடஞ்சிட்டா?"

"ஒடையாது."

"இவ்ளோ மெலிசா இருக்கே புள்ள."

"நான் சொல்றேன்ல. நல்லா அமுக்குங்கத்தெ."

நல்லம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். டக் என்று ஒரு சத்தம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி கரண்டைப் போட்டதும் இந்த முறை திரையில் வெளிச்சம் வந்தது. நல்லம்மாள் தூரிகையை எடுத்து, ஏற்கனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியபோது அவர் போகவில்லை. சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் சுற்றை எதிரணி எடுத்துக்கொண்டது. ரூபன் பதறினான். "பதறாத. அவங்க எடது பக்கம் ரெண்டே பேருதான். நான் முன்னாடி போறேன், எல்லாரும் என் பின்னாடி வாங்க" என்றாள் கலாதேவி, கடையில் கணக்குச் சொல்லும் அதே குரலில். படம் ஒரு இடத்திலும் சிக்கவில்லை. திரும்பினால் திரும்பியது, குதித்தால் குதித்தது. இரண்டாவது சுற்று அவர்களுக்கு. மூன்றாவதில் கடைசியாக அவளும் ஒரு எதிரியும் மட்டும் மிஞ்சினார்கள். அவன் சுவருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டும்வரை அவள் மூச்சுகூட விடாமல் காத்திருந்து சுட்டாள். ஹெட்செட்டில் நாலு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

"செயிச்சிட்டீங்களா?" என்றார் நல்லம்மாள்.

"செயிச்சிட்டோம்."

"பொறவு நீ ஏன் கத்தல?"

"டாக்டரு அலட்டிக்கக் கூடாதுன்னாருல்ல."

நல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குழுவினர் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போன பிறகு கலாதேவி கணினியை அணைக்கக் கையை நீட்டினாள். திரையில் அவளுடைய வீராங்கனை ஒரு மேட்டின் மேல் தனியாக நின்றிருந்தாள். காலடியில் புல், ஒவ்வொரு இழையாக, காற்றுக்குச் சாய்ந்து நிமிர்ந்தது. தூரத்தில் நீலமாக ஒரு மலைத்தொடர்.

"அந்த மலைக்கு அந்தாண்ட என்னா இருக்கு?"

"தெரியலத்தெ. அவ்ளோ தூரம் போனதில்ல. மிசின் தாங்காது."

"இப்பத் தாங்கும்ல?" நல்லம்மாள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, கால்களை மேலே தூக்கிச் சம்மணமிட்டுக்கொண்டார். "போ, பாப்போம்."

கலாதேவி விசையை அழுத்தினாள். வீராங்கனை மேட்டிலிருந்து இறங்கி, இடுப்பளவு புல்லை விலக்கிக்கொண்டு, மலையைப் பார்த்து ஓடத் தொடங்கினாள்.