அம்பறாத்தூணியின் வெளிப்பக்கம்

வீட்டுத் திண்ணையில் தைக்க உட்கார்ந்து மூன்றாவது ஊசியும் ஒடிந்தபோது மணி ஒன்றரை. தங்கை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், நான்கு மணிக்கு மைதானத்தில் மரபு வில்வித்தை அணிக்கான தேர்வு. அங்கே எல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டுமாம். அம்பறாத்தூணி இல்லாமல் வருகிறவர்களைக் கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்களாம். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்கை என்னோடு பேசி ஏழு மாதம் ஆகிறது. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட, என் கைக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பை அம்மாவிடம்தான் கேட்பாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் என் பைக் கவிழ்ந்ததில், அவளுடைய பழைய தூணி அதற்கு அடியில் நசுங்கியது. பின்னால் உட்கார்ந்து 'மெதுவாப் போண்ணா' என்று இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை. எனக்கு வெறும் சிராய்ப்பு, அவளுக்கு வலது தோள்.

நான் கார் சீட் தைக்கிறவன். உட்காரப் போகிறவரின் முகத்தைப் பார்க்காமலேயே சீட் தைத்துவிடலாம். பழைய உறையைப் பிரித்து, அதே அளவில் வெட்டினால் போதும். இருபது வருடமாக அப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. அவளுக்கான புதுத் தூணியையும் அப்படியே ஆரம்பித்தேன். நசுங்கிய தூணியைப் பிரித்து விரித்து, ஒரு பழைய காரின் பின்சீட்டுத் தோலில் வைத்து வெட்டினேன். முதுகில் மாட்டினால் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டுமே, எதற்கு வம்பு என்று இடுப்பில் தொங்குகிற மாதிரி மாற்றினேன். என் சொந்த மூளை அது ஒன்றுதான்.

போன மாதம் அம்மா, "அவ தேர்வுக்குப் போறாளாம்டா" என்றபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் தோள் சரியாகிவிட்டது! வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால்? காலையில் அவள் கொல்லையில் வில்லைத் தொடுவதற்குள் நான் பட்டறைக்கு ஓடிவிடுவேன். அந்தக் கையை நேராகப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அடித்தோலை அம்புமுனை துளைத்துவிடாமல் இருக்கக் கம்பளித் துண்டு ஒன்றை உள்ளே ஒட்டினேன். வாரைக் கோத்துக்கொள்ளும் இரண்டு காதுகளையும் பின்பக்கத்தில் சாய்வாகத் தைத்தேன். கடைசி முடிச்சுப் போட்டபோது மணி இரண்டு பத்து.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஆச்சாடா?"

"பிடி. கொண்டுபோய்க் குடு."

அம்மா வாங்கிக்கொள்வதற்குள் தங்கையே வந்துவிட்டாள். தூணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குன்னு சொல்லும்மா" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வலது இடுப்பில் மாட்டிக்கொண்டு ஆறு அம்புகளையும் உள்ளே போட்டாள். பிறகு இடது கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுவந்து ஓர் அம்பை உருவினாள். இறகு வாய்விளிம்பில் சிக்கியது. மறுபடியும் உருவினாள், மறுபடியும் சிக்கியது.

"வலது கையால எடு" என்றேன், என்னையறியாமல்.

அவள் நின்றாள். அப்போதுதான் பார்த்தேன். வில் பிடிக்கிற கையில் நாண் படாமல் இருக்கக் கட்டும் தோல்பட்டை அவளுடைய வலது முன்கையில் இருந்தது. இடது கையில் நாண் இழுக்கும் மூன்று விரல்களும் காய்த்துப்போயிருந்தன.

"வராதுண்ணா" என்றாள். என்னிடம்தான். "முன்னால நீட்ட வரும். பின்னால இழுக்க வராது. இனிமே வரவே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் இடது கையில பழகிட்டேன்."

அம்மாவைப் பார்த்தேன். "ஏம்மா சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட?"

ஏழு மாதம். எல்லா அளவும் எடுத்தேன், அவளைத்தான் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

"கழட்டு" என்றேன். "காதைப் பிரிச்சு அந்தப் பக்கம் தைக்கணும். இடது இடுப்புக்கு வந்துரும்."

"நேரமிருக்கா?"

"தெரியல."

தையலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தேன். ஒரு காதுக்குப் பன்னிரண்டு தையல். தூணியைத் திருப்பியதும் பழைய துளைகள் வெளிப்பக்கத்தில் வரிசையாகத் தெரிந்தன.

"ஓட்டை தெரியுதே" என்றாள் அம்மா.

"தெரியட்டும்" என்றாள் தங்கை.

மறுபக்கத்தில் குத்தூசியால் துளையிட்டு நூலைக் கோத்தேன். தனியாக இழுத்தபோது தூணி மடியிலிருந்து வழுக்கியது. தங்கை எதிரே வந்து உட்கார்ந்தாள். தோல்பட்டை கட்டிய வலது கையை முன்னால் நீட்டி, தூணியின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நூலை இழுக்கத் தயங்கினேன்.

"இழுண்ணா. நான் பிடிச்சிருக்கேன்."

இழுத்தேன். அவள் தோள் ஒருமுறை அதிர்ந்து நின்றது. கை நீட்டியபடியே இருந்தது. மணி இரண்டே முக்கால். இன்னும் ஒன்பது தையல் பாக்கி.