பயஸ் மூடிவைத்த இடம்

1.
நெய்யாற்றின்கரை பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண், "அப்பா, நீங்க அத எதுக்குச் சட்டி கவுத்து மூடினிய?" என்று போனில் கேட்டாள். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

'காரோட்டுக் கடற்கரையில் அலைகள் ஓயாமல்...' என்று தொடங்கினேன். சே, அலைகள் என்றைக்கு ஓய்ந்தன? அடித்துவிட்டேன்.

2.
அவளுக்கு ஸ்டெஃபி என்று பெயர் வைக்கிறேன். வீட்டு முன்னறைதான் அவள் கம்பெனி. கடலடி நீரோட்டம் எந்தப் பக்கம், என்ன வேகம் என்று வள்ளத்திலிருந்தே சொல்லும் கருவியைச் செய்திருக்கிறாள். ஓட்டம் தெரியாமல் வலையிறக்கி, அது பாறையில் கிழிந்து அப்பா வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து வளர்ந்தவள். (மானிய விண்ணப்பத்து வாக்கியம் மாதிரி இருக்கிறதா? அவளும் அப்படித்தான் எழுதியிருப்பாள்.)

சிறு தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான அரசு ஆராய்ச்சி மானியம் கிடைத்தால் கருவி முழுமையாகும். இல்லையென்றால் கம்பெனியை மூடிவிட்டுக் கொச்சியில் யாரிடமாவது வேலைக்குச் சேரவேண்டியதுதான். கடலில் சோதித்த பதிவைக் கேட்டார்கள். அப்பா பயஸ் கருவியை வள்ளத்தில் கொண்டுபோனார்.

3.
மதிப்பீட்டுக் குழுவின் சத்யபாமா பதிவைப் பார்த்துக் குழம்பிப்போனார். நீரோட்டம் ஆழ்கடலுடையது. வள்ளமோ நாள் முழுக்கக் கரை மணலிலேயே நிற்கிறது! தன் பாரின் இடம் பதிவாகாதிருக்க, புறப்படும்போதே கருவியின் ஜி.பி.எஸ். இடங்காட்டிமேல் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்திருந்தார் பயஸ்.

(வெளியூர் வாசகருக்கு: கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். மீன் கூடுமிடம். கரையில் தெரியும் கோபுரத்தையும் மலையையும் நேர்பிடித்து முன்னோர் கண்டுவைத்தது. கடலுக்குப் போகாதவர்க்குச் சொல்வதில்லை, பெற்ற மகளானாலும்.)

சோதித்த இடத்தோடு மறுபடி வாருங்கள் என்று சத்யபாமா தவணை கொடுத்தார்.

4.
முதல் பிரதியில் பயஸைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். ஒட்டவேயில்லை. மகள் பேருந்தில் வருகிறாள் என்று நெத்திலி பொரித்துவைத்துக் காத்திருக்கிற மனுஷன் அவர்.

"பாரக் காட்டிக்குடுத்தா ஊரு வள்ளமெல்லாம் அங்கயாக்கும், மக்கா."

"காட்டலேன்னா எனக்க கருவி பொய்யாயிரும், அப்பா."

பயஸ் நெத்திலித் தட்டை அவள்பக்கம் நகர்த்தினார். பிறகு அவள் தலையைத் தன்பக்கம் இழுத்து, கோபுரத்தையும் மலையையும் காதில் சொன்னார்.

"எனக்க அப்பன் சொல்லித் தந்ததாக்கும். இனி உனக்குள்ளது. நீ என்ன வேணும்னாலும் செய்யி."

ஸ்டெஃபி அழுதாள். நானும் கொஞ்சம்.

5.
அவள் இடத்தைச் சொல்லிவிட்டாள், மானியம் வந்தது என்று ஒரு முடிவு எழுதினேன். அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பாள்? கிழித்தேன். அவளைக் கொச்சி ரயிலில் ஏற்றிவிட்டேன், மனம் கேட்கவில்லை. சத்யபாமாவையே வள்ளத்தில் ஏற்றிப் பார்த்தேன். பாவம், கரை மறையுமுன்பே வாந்தி எடுத்து...

வேண்டாம். இப்போது ஸ்டெஃபி குழுவின் முன் நிற்கிறாள்.

"கருவி வேல செய்யுது, மேடம். இடம் மட்டும் சொல்ல ஒக்காது."

அந்த இடம் எனக்கும் தெரியும். நானும் சொல்லமாட்டேன். சத்யபாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். இல்லாத பயஸை இத்தனை நேரம் சாட்சி கேட்காமல் நம்பினீர்கள். அவர் மகள் காத்துக்கொண்டிருக்கிறாள், மானியத்துக்குக் கையெழுத்துப் போடுவீர்களா?