மஞ்சள் அலகு

கட்டடங்களில் கண்ணாடி துடைக்கும் பெரியவர் துணிப்பையிலிருந்து செத்த பறவையை எடுத்து மேசையில் வைத்ததும், அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கருநீல உடல், தோளெங்கும் தெளித்தாற்போல் வெளிர்ப் புள்ளிகள். நீலச் சீகாரப் பூங்குருவி. பெயரில்தான் பூங்குருவி, வகைப்பாட்டில் அதை ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். மலையோடைப் பாறைகளில் வாழும் பறவை, இந்தச் சமவெளி நகரத்தின் கண்ணாடிக் கட்டடத்தில் வந்து மோதியிருக்கிறது. அலகு கறுப்பென்றால் ஒரு வட்டாரம், மஞ்சளென்றால் வேறு வட்டாரம். இது பளிச்சென்ற மஞ்சள். அந்த மலைகள் எங்கே, இந்த ஊர் எங்கே! அதன் பரவல் வரைபடத்தையே திருத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இயக்குநரிடம் சொல்ல எழுந்தவள், பறவையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வால் இறகுகளின் நுனி கம்பியில் உரசித் தேய்ந்திருந்தது. நகங்கள் வளைந்து நீண்டிருந்தன. கூண்டில் இருந்த பறவை.

எங்கே கிடந்தது என்று விசாரித்தாள். பெரியவர் சொன்ன இடம் அவள் தம்பி வீட்டுக்கு அடுத்த தெரு. தம்பி லாரி ஓட்டுகிறவன். அக்கம்பக்கத்தில் யார் பறவை வளர்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அன்று மதியமே கிளம்பிப் போனாள்.

அவன் கதவைப் பாதிதான் திறந்தான். விஷயத்தைச் சொன்னதும், அப்படி யாரையும் தெரியாது என்றான். அப்போது குளியலறைக்குள்ளிருந்து ஒரு சீட்டி கிளம்பியது. ஆள் நடந்துகொண்டே சாவகாசமாக அடிப்பதுபோல் இழுத்து, பாதியில் நின்றது.

“யாருடா உள்ளே?”

“ரேடியோக்கா.”

ஓடையோரமாக எத்தனையோ விடியல்கள் அந்தப் பறவையின் குரலுக்காகக் காத்துக் கிடந்தவள் அவள். அவனை விலக்கிவிட்டுக் கதவைத் தள்ளினாள். காய்கறிப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கம்பிவலை கட்டி, கூரைவரை. உள்ளே நீலம் நீலமாக. வெவ்வேறு மலைகளின் கறுப்பு அலகும் மஞ்சள் அலகும் ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு நின்றன.

“எப்படிடா?” என்றாள்.

தம்பி தரையைப் பார்த்தான். “நான் எங்கக்கா போய்ப் படிச்சேன்? எந்த ஓடை, எந்தப் பாறை இடுக்குல கூடு, எல்லாம் நீ சாப்பிடும்போது சொன்னதுதான். அதைப் பறவை பிடிக்கிறவங்ககிட்ட சொன்னேன். லாரியில ஏத்திட்டு வந்து விக்கிறது என் பங்கு.”

வீட்டில் அவள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிறவன் இவன் ஒருவன்தான் என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறாள்.

“அம்மாவுக்குத் தெரிய வேணாம்க்கா,” என்றான்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து வனத்துறைக்கு போன் போட்டாள். முகவரி சொன்னாள். அந்த வீட்டுக்காரர் உங்களுக்கு யார் என்று கேட்டார்கள். “கூடப்பிறந்த தம்பி.” அவன் ஓடவில்லை. அவர்கள் வரும்வரை பெட்டி பெட்டியாகத் தண்ணீர் மாற்றினான். தலை நனையாமல் பறவைகள் குடிக்கும்படி ஆழமில்லாத மூடிகளில் ஊற்றினான். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

மறுநாள் வனத்துறை அலுவலகத்தில், அந்தந்த மலைக்கே திருப்பி அனுப்புவதற்காக அலகு பார்த்துப் பறவைகளைப் பிரித்துக் கொடுத்தாள். அம்மா விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டியை மூடிய பிறகுதான் எடுத்தாள். “தம்பியைப் பிடிச்சுக் கொடுத்தது நான்தாம்மா,” என்றாள்.