அலமாரியின் பின்முனை

வருடத்தின் கடைசி ஞாயிறு மதியம் எங்கள் குடும்பத்தில் ஒரு முடிசூட்டு விழா நடக்கும். குடும்பம் என்றால் நானும் என் தம்பியும்தான். அம்மாவுக்கும் ஓட்டு உண்டு என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தோம். வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வருடம் ஆடிய வீடியோ கேம்களில் ஆளுக்கு மூன்றைப் பிடித்த வரிசையில் சொல்ல வேண்டும். அப்புறம் சண்டை. சண்டையில் எது தப்பிப் பிழைக்கிறதோ அதுதான் அந்த வருடத்து ராஜா. அதைச் சொன்னவர் காய் கழுவுகிற ஓட்டைக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட நாளில் ஆரம்பித்த கூத்து இது. தம்பி வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிறகு வீடியோ காலில் நடக்கிறது, ஆளுக்கொரு கூடையோடு.

விதிகள் கறாரானவை. கேமை முழுதாக முடித்திருக்க வேண்டும். முடித்ததற்குச் சாட்சியாகக் கடைசித் திரையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தது நான். பாதி ஆடிவிட்டு முழுதும் முடித்ததுபோல் அளந்துவிடுவதில் என் தம்பி கில்லாடி. கேம்களின் நிஜப் பெயரை நாங்கள் சொல்வதில்லை, பட்டப்பெயர்தான். எங்களுக்கும் அதே கதி. நான் ஒல்லி, நெட்டை, அதனால் கொக்கு. அவன் சின்ன வயதில் இடுப்பில் ஏறினால் இறங்கவே மாட்டான், அதனால் மூட்டை. இன்றுவரை வேறு யாருக்கும் இந்தப் பெயர்கள் தெரியாது.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். முன்பக்கம் விளக்கு, நிலைக்கண்ணாடி, வாடிக்கையாளர், சிரிப்பு. பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் நான். லென்ஸில் புள்ளி வைத்து, மெஷினில் பூட்டி, ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, ஓரத்தை மழுக்கிப் பொருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. மெஷின் ஓடும்போது யார் பேசினாலும் காதில் விழாது. இந்த ஊரில் பாதிப் பேர் நான் தேய்த்த லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறார்கள். என்னைப் பார்த்தவர்கள் குறைவு. முன்பக்கத்தில் பில் போடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில், வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டாள். கேம் ஆடுவேன் என்றேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் தம்பிக்கு மகள் பிறந்தாள். ஒரு மாதம் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று போன அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். தப்புச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தையின் சிரிப்பைப் பார்த்தால் நானும் திரும்பி வந்திருக்க மாட்டேன். அம்மா தினமும் போன் செய்வாள். முதலில் குழந்தை குப்புற விழுந்த கதை, பல் முளைத்த கதை. அப்புறம் நான் சாப்பிட்டேனா என்ற விசாரணை. கடைசியில், இன்னும் அந்த டிவி முன்னால் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாயா என்று ஒரு குத்து. ஆமாம் என்பேன். போனை வைத்ததும் வீடு கம்மென்று ஆகிவிடும், அதற்காகவே டிவியைப் போடுவேன்.

டிவியில் கேமைத் திறந்தால் ஓரத்தில் நண்பர் வரிசை தெரியும். என் வரிசையில் ஒரே ஒரு பெயர். அவன் ஆட வந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், இல்லாவிட்டால் சாம்பல். இந்த வருடம் முழுக்கச் சாம்பல்தான். கையில் குழந்தையை வைத்திருப்பவனுக்குக் கன்ட்ரோலர் பிடிக்க மூன்றாவது கையா முளைக்கும்? புரிந்தது. புரிந்தாலும் வேலை முடிந்து வந்ததும் அந்தப் புள்ளியைத்தான் முதலில் பார்த்தேன்.

இந்த வருடம் எனக்குப் பிடித்த மூன்றில் கடைசி, நத்தை. நத்தைகளின் பந்தயம். ஜெயிப்பது முக்கியமே இல்லை, வழியில் இலை தின்னலாம். அதற்கு மேலே, மழை பஸ். நிற்காத மழையில் பஸ் ஓட்ட வேண்டும். ஏறுகிறவர்கள் பாதிக் கதை சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். வழி நெடுக ‘கடல்’ என்று பலகை இருக்கும். விளம்பர வீடியோவில் பஸ் கடலோரமாக நிற்பதைக் காட்டுவார்கள். ஆனால் கேமில் பஸ் கடலுக்குப் போவதே இல்லை. கடைசி வளைவில் சாலை தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். கடைசிப் பயணியை இறக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் வாய்விட்டு அழுதேன், கேட்க ஆள் இல்லாத தைரியத்தில்.

முதல் இடம், அலமாரி. இரண்டு பேர் ஒரு பெரிய மர அலமாரியை மலை உச்சியில் இருக்கும் வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். ஒருவர் முன்முனை, ஒருவர் பின்முனை. இரண்டு பேர் ஆட வேண்டிய கேம். அது வரப்போகிறது என்று எனக்குச் சொன்னதே தம்பிதான். சேர்ந்து ஆடியே தீரணும் என்று எழுதியிருந்தான். வந்த அன்றே வாங்கி, எனக்குக் கொக்கு என்றும் பின்முனைக்கு மூட்டை என்றும் பெயர் போட்டு அழைப்பு அனுப்பினேன். சாம்பல். அடுத்த ஞாயிறும் அனுப்பினேன். குழந்தைக்குச் சளி. அப்புறம் தடுப்பூசி. அப்புறம் அவனுக்கு ஆபீஸில் வேலை பெண்டு நிமிர்த்தியது. பார்ப்போம்கா, பார்ப்போம்கா என்றே மழைக்காலம் போய்விட்டது.

ஒரு ஞாயிறு, பொறுமை கெட்டு, அவன் விட்டுப்போன பழைய கன்ட்ரோலரை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பரீட்சை நாட்களில் அவன் கடித்துக் குதறிய, ஆளை நகர்த்தும் ரப்பர் குச்சி அப்படியே இருந்தது. வலது முழங்காலில் என்னுடையது, இடது முழங்காலில் அவனுடையது. வலது கையால் முன்முனை, இடது கையால் பின்முனை. என் இடது கைக்குச் சோற்றை அள்ளக்கூடத் தெரியாது, அதை நம்பி மலை ஏறினேன். பின்முனை ஆள் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தான்.

அதில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் நம் ஆள் ‘ஓய்’ என்று கூப்பிடுவான். திருப்பங்களில் அலமாரி மறைத்து ஒருவருக்கு மற்றவர் தெரியாமல் போகும். முன்னால் இருப்பவர் கூப்பிட்டு, பின்னால் இருப்பவர் பதில் கொடுத்தால்தான் நகர முடியும். வலது கட்டைவிரலால் கூப்பிட்டேன், இடது கட்டைவிரலால் பதில் சொன்னேன். ஓய். ஓய். முதலில் சிரிப்பு வந்தது, பாதி மலைக்கு மேல் வரவில்லை. உச்சியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அலமாரியைக் கீழே வைக்க முடியும். வைத்தேன். இருவரும் அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. அடியில் பெயர்கள்: கொக்கு, மூட்டை.

விழாவுக்கு முந்தின வாரம் முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். வாரத்தில் ஒரு மணி நேரம் என்னோடு ஆட வருவாயா என்பதுதான் அது. மெஷின் சத்தத்துக்குள் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். நாற்பதை நெருங்கும் பொம்பளை தம்பியிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவன் முடியாது என்றால் அடுத்த வருட ஞாயிறுகளை என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஞாயிறு மதியம் வீடியோ கால் வந்தது. தோளில் குழந்தை, மேசையில் கூடை. கூடையைப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. பின்னால் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பிதான் ஆரம்பித்தான். மூன்றாவது இடம் நத்தை என்று சரளமாகப் பேசினான். அவ்வளவு சரளம் அவனுக்கு வராது. இரண்டாவது மழை பஸ் என்றான்.

“கடைசில பஸ் கடல்கிட்ட போய் நிக்கும் பாரு, அங்க எனக்குத் தொண்டையே அடைச்சிருச்சுக்கா.”

அவன் அந்த கேமைத் தொட்டதே இல்லை. விளம்பர வீடியோவை மட்டும் பார்த்திருக்கிறான். சாட்சி எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குழந்தையைத் தட்டிக்கொண்டே எனக்காக எதையோ பார்த்துப் பாடம் பண்ணி வந்திருக்கிறான், அவனை எப்படி மடக்குவது? எனக்கும் அங்கேதான் தொண்டை அடைத்தது என்று சொன்னேன்.

முதல் இடத்தை நீயே முதலில் சொல் என்றான். அலமாரி என்றேன்.

“அது ரெண்டு பேரு ஆடுறதாச்சே. யார்கூட ஆடின?”

தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அப்போது பின்னால் அம்மாவின் கை துணியோடு அப்படியே நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது முதுகிலேயே தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துப் பாவம் என்று நினைப்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

“கடையில பில் போடுற பொண்ணு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருவா.”

“நல்லா ஆடுவாளா?”

“மொதல்ல விழுந்துகிட்டே இருந்தா. அப்புறம் பழகிட்டா.”

அம்மாவின் கை மறுபடி மடிக்க ஆரம்பித்தது. தம்பியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முதுகிலிருந்து சுமையை இறக்கினவன் மாதிரி மூச்சு விட்டான்.

“அப்பாடா. அக்கா, உண்மையச் சொல்லிடுறேன். இந்த வருஷம் நான் ஒண்ணுகூட ஆடல. நீ தனியா கெடக்கியேன்னு வீடியோ பாத்து ஒப்பிச்சேன். இனிமே அது வேண்டாம்ல. அடுத்த வருஷம் விழாவ அந்தப் பொண்ணோட வெச்சுக்க, நான் கைதட்டுறேன்.”

அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். கேட்க நினைத்ததைக் கேட்காமல், இருந்ததையும் என் வாயாலேயே தாரை வார்த்துவிட்டேன். வேறு வழியில்லாமல் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அம்மாகூட எட்டிப் பார்த்துச் சிரித்தாள். தம்பி விடவில்லை.

“சாட்சி எங்க? உன் விதிதானே. அவளுக்கு என்ன பட்டப்பேரு வெச்சிருக்கன்னு பாப்போம்.”

அனுப்புகிறேன் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். கூடை தலையிலேயே இருந்தது. படத்தை எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு கீற்றை வெட்டினால் போதும், பெயர்கள் போய்விடும். அளவு பார்த்து வெட்டுவதுதானே என் தொழில். விரலைக் கொண்டுபோய்க் கோட்டையும் இழுத்துவிட்டேன். அப்புறம் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஆளுக்கொரு பொய்யைச் சொல்லி ஒருவரை ஒருவர் நிம்மதியாக வைத்துக்கொள்ளும் இந்த லட்சணத்துக்குத்தான் இத்தனை வருட விழாவா? கோட்டைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு முழுப் படத்தையும் அனுப்பினேன்.

அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. கூடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

கூடத்தில் டிவி ‘டிங்’ என்றது. போய்ப் பார்த்தால் பச்சைப் புள்ளி. அலமாரிக்கு மூட்டையிடமிருந்து அழைப்பு.

ஈரக் கையோடு உட்கார்ந்தேன். முன்னாடி யார் என்று மைக்கில் கேட்டான், நான்தான் என்றேன். கொஞ்ச தூரம் தூக்கினோம். அவன் மூன்று அடிக்கு ஒருமுறை சறுக்கினான்.

“என் இடது கை உன்னவிடத் தேவலாம்டா.”

சிரித்தான். சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

“ஏன்கா சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

அலமாரி முதல் திருப்பத்தை நெருங்கியது. அங்கேதான் கேட்டேன்.

“வாரத்துல ஒரு மணி நேரம் வருவியா?”

“தெரியலக்கா. பாப்பா விட்டா வரேன்.”

பொய் சொல்லாமல் அவன் தந்த பதில் என்பதால் அதை வாங்கிக்கொண்டேன். அதற்குள் அங்கே குழந்தை வீறிட்டது. ஒரு நிமிஷம்கா என்றான். ஓடுகிற காலடிச் சத்தம் மைக்கில் கேட்டது.

திருப்பத்தில் அலமாரி மறைத்துவிட்டது. அவன் ஆள் பின்முனையைப் பிடித்தபடி எங்கோ மறுபக்கம் நிற்கிறான், எனக்குத் தெரியவில்லை. கடித்துக் குதறிய பழைய கன்ட்ரோலர் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பழகிய இடது கை தானாக அதன் பக்கம் போனது. எழுந்து அதை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஓய் என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை. மைக்கில் குழந்தை அழுதது, அம்மா ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள், கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு, என் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.