ஒன்பது மாத ஊசி

"ஏனுங்க, இதைச் சத்தமாப் படிச்சுப் பாருங்க."

"கம்ப்யூட்டருக்கு எழுதுனதை ஊசி போடறவன்கிட்ட நீட்டறியே, அருளு."

"ஊசி போடறவங்களுக்குத்தானுங்க இது. உங்களுக்கே புரியலீன்னா நான் எழுதுனது தப்பு."

ஆறு மாதத்துக்கு முன், மலைமேல் சோளக்காடு என்ற ஊரின் வாடகை வீட்டில் பேசியது. அன்றுதான் பூபாலன் வெகுநாள் கழித்துச் சிரித்தான். அருள்மொழி அதை மறக்கவில்லை.

அவன் மலைக் கிராமங்களில் தடுப்பூசி முகாம் நடத்தும் சுகாதார ஆய்வாளர். ஊசிக்கு நாள் வந்த குழந்தைகளை நர்சுகளுக்கு நினைவூட்டும் செயலியை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அதைச் சரிபார்க்கும் சோதனைகள் முதலில் பக்கம் பக்கமாக நீண்டன: பெயர், பிறந்த நாள், தாயின் போன், ஊர். எல்லாவற்றையும் ஓர் உதவி ஃபங்ஷனுக்குள், தனியே எழுதிய சிறு கட்டளைத் தொகுப்புக்குள், அடக்கினாள். வயதை மட்டும் கொடுத்தால் போதும், அது சோதனைக்கென ஒரு குழந்தையை உருவாக்கித் தரும். பிறகு ஒவ்வொரு சோதனையும் ஒரே வரியில் நின்றது: 'யமுனாவுக்கு ஆறு வாரம், நினைவூட்டல் போக வேண்டும்.'

யமுனா அவர்களுடைய மகள். இதயத்தில் ஓட்டையோடு பிறந்து, இரண்டு வருடத்துக்கு முன், நான்காம் மாதத்தில் போய்விட்டவள்.

படிக்கும்போது பெயர் வருமிடத்தில் மட்டும் பூபாலன் 'பாப்பாவுக்கு' என்பான். அருள்மொழி கவனிக்காதது போல் இருந்துவிடுவாள்.

வரும் திங்கட்கிழமை செயலி நர்சுகளின் கைக்குப் போகிறது. வெள்ளி காலை, எடப்புளி நாட்டு மலைக் கிராமங்களுக்குப் பஸ் ஏறுமுன் அவன் கடைசியாக ஒருமுறை படித்தான். ஆறு வாரம், பத்து வாரம், பதினாலு வாரம். அதோடு முடிந்திருந்தது.

"ஒம்பது மாச ஊசி எங்க? அதைத்தான் சனம் மறக்குது."

அந்த வரியை எழுதப் போகும்போதெல்லாம் அவள் விரல் நின்றுவிடும். யமுனாவுக்கு அந்த வயது வந்ததே இல்லை.

அவனுக்குப் புரிந்தது. "வேற பேரு வெச்சுக்கலாம், சாமி."

"வேண்டாங்க."

யமுனாவின் பெயரிலேயே அந்த வரியை எழுதினாள். சோதனையை ஓட்டிப் பார்த்தாள். திரையில் சிவப்பு, நினைவூட்டல் போகவில்லை. செயலியில் ஒன்பது மாதத்தையும் ஒன்பது வாரம் என்றே எழுதி வைத்திருந்தாள். இப்படியே போயிருந்தால் மலையில் எத்தனை குழந்தைகள் விடுபட்டிருக்கும்! கணக்கைத் திருத்தினாள். பச்சை வந்தது.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அவன் எழவில்லை.

"படிங்க," என்றாள்.

"பாப்பாவுக்கு ஒம்பது..."

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பான்னு வேண்டாங்க. ரெண்டு வருசமாக் கேக்கோணும்னு இருக்கேன். ஒரே ஒருக்கா, அவ பேரைச் சொல்லுங்க."